டாலர் நோட்டில் குடியிருக்கும் கடவுள்

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பாதிரிமார்கள் சில காலமாக ஒரு பெரிய புகார் சொல்லி வருகின்றார்கள். அது என்னவென்றால், தங்கள் நாட்டில் செல்வம் பெருகிவிட்டதென்றும், செல்வம் பெருகவே ஜனங்களுக்குக் கடவுள் பக்தி குறைந்துவிட்டதென்றும், கடவுளை விட்ட ஜனங்கள் பணம், பதவி, பந்து விளையாட்டு, சினிமா நட்சத்திரம், கைக்குள் அடங்கும் டெலிபோன் ஆகியவைகளையெல்லாம் விக்கிரகங்களாக்கிக் கும்பிடுகின்றார்கள் என்றும், ஆதலால் எல்லோரும் மறுபடியும் சர்ச்சுக்கு வந்து மண்டியிட்டால்தான் இந்த நவீன விக்கிரக ஆராதனை ஒழியும் என்றும் சொல்லுகின்றார்கள். நியூயார்க்கில் பாதிரியாயிருந்து 2023-ல் காலமான டிம் கெல்லர் என்பவர், பெரிய பாங்கிகள் கவிழ்ந்த மறு வருஷமாகிய 2009-லேயே, பணமும் காமமும் அதிகாரமும் போலிக் கடவுள்கள் என்று தனிப் புத்தகமே எழுதி வெளியிட்டார்.

இந்தப் புகாரில் பாதி உண்மை என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2007-ம் வருஷம் எடுத்த கணக்கில் அமெரிக்கர்களில் 100-க்கு 78 பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எந்த மதத்தையும் சேராதவர்கள் 16 பேர். 2023-24-ல் மறுபடி எடுத்த கணக்கில் கிறிஸ்தவர்கள் 62 பேராகவும், மதம் சேராதவர்கள் 29 பேராகவும் ஆகியிருக்கின்றார்கள். ஆகவே பக்தி குறைந்தது உண்மை. பண ஆராதனை அந்த நாட்டில் தாண்டவமாடுகின்றது என்பதும் உண்மை. ஆனால் முதலாவது காரணத்தால்தான் இரண்டாவது காரியம் நேர்ந்தது என்று இரண்டுக்கும் முடிச்சுப் போடுகின்றார்களே, அங்கேதான் புரட்டு இருக்கின்றது. கடவுளை விட்டவன்தான் பணத்தைக் கும்பிடுகின்றானா? அல்லது கடவுளைக் கும்பிடுகின்றவனே பணத்தையும் கொண்டுவந்து அதே பீடத்தில் வைத்து, ஒரே தூபத்தில் இரண்டையும் கும்பிட்டுவிடுகின்றானா? இதுதான் நாம் விசாரிக்க வேண்டிய சங்கதி.

விக்கிரகம் என்றால் என்ன?

அமெரிக்கப் பாதிரிமார்கள் 1816-ல் யாழ்ப்பாணத்திற்கும், 1834-ல் மதுரைக்கும் வந்து மிஷன் ஏற்படுத்தினார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி வைத்தார்கள், தெருவில் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவன் பிள்ளையையும் எழுத்து வாசனை காட்டி உட்கார வைத்தார்கள். இந்த நன்மைகளை மறைப்பதில் நமக்கு லாபம் ஒன்றுமில்லை. அத்துடன் அவர்கள் நம்மைப் பார்த்து, “கல்லுக்குக் காது கேட்குமா? செம்புக்குப் பசிக்குமா? நீயே செய்ததை நீயே கும்பிடலாமா?” என்றும் கேட்டார்கள். கேள்வி நல்ல கேள்விதான். யார் கேட்டாலும் நல்ல கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் கேள்வி கேட்டவர்கள் அதைத் தங்கள் வீட்டு வாசற்படியோடு நிறுத்திக்கொண்டதுதான் கோளாறு.

நம்மைக் கேட்டால், விக்கிரகம் என்பது கல்லிலும் இல்லை, செம்பிலும் இல்லை என்போம். ஆற்றில் கிடக்கிற கல் ஒருவனையும் ஒன்றும் செய்வதில்லை. எந்தப் பொருளின் முன்னால் மனிதன் தன் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, “இதை ஏன் என்று கேட்கக்கூடாது, இதற்குக் கணக்குக் கேட்கக்கூடாது, இதற்குக் கொடுத்தால் நமக்கு வரும், கொடுக்காவிட்டால் நமக்குக் கேடு வரும்” என்று நினைத்து நிற்கின்றானோ அந்தப் பொருள் விக்கிரகம். அது கல்லாகவும் இருக்கலாம்; காகிதமாகவும் இருக்கலாம்; புத்தகமாகவும் இருக்கலாம்; கண்ணுக்கே தெரியாத ஒன்றாகவும் இருக்கலாம். விக்கிரகத்தின் குணம் அதன் உருவத்தில் இல்லை. அதன் முன் நிற்பவனுடைய கழுத்தின் வளைவில் இருக்கின்றது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

நியூயார்க் காளை

நியூயார்க் நகரத்தின் தென்கோடியில் பௌலிங் கிரீன் என்று ஒரு சிறு பூங்கா உண்டு. 1770-ம் வருஷம் அந்த இடத்தில் இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஜார்ஜ் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற சிலையை, ஈயத்தால் செய்து தங்கப் பூச்சுப் பூசி, நிறுத்தி வைத்தார்கள். 1776-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி சுதந்திரப் பிரகடனத்தைப் படிக்கக் கேட்ட ஜனங்களும் சிப்பாய்களும் நேரே அங்கே போய், கயிறு போட்டு இழுத்து, அந்தத் தங்கப்பூச்சு அரசனைத் தலைகுப்புறத் தள்ளினார்கள். பிறகு ஈயத்தை உருக்கி 42,088 துப்பாக்கிக் குண்டுகள் வார்த்ததாகக் கணக்கு இருக்கின்றது. ஒரு விக்கிரகத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதே பூங்காவின் முனையில் இன்று என்ன நிற்கின்றது? மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வெண்கலக் காளை நிற்கின்றது. 1987-ல் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்ததற்குப் பின், ஆர்ட்டூரோ டி மோடிகா என்ற இத்தாலிய சிற்பி, ஜனங்களுக்குத் தைரியம் ஊட்டுவதற்கென்று தன் சொந்தக் காசில் அதைச் செய்து, 1989-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஒருவரையும் கேட்காமல் இரவோடிரவாகப் பங்கு மார்க்கெட் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மார்க்கெட்காரர்கள் அதைத் தூக்கச் செய்தார்கள். சில நாளைக்குள் அது பௌலிங் கிரீனில் வந்து நின்றது. அன்று முதல் தேசம் தேசமாக ஜனங்கள் வந்து அதன் மூக்கையும் கொம்பையும், பின்பக்கம் போய் அதன் விதையையும் தடவிவிட்டுப் போகின்றார்கள். தடவினால் பணம் சேருமாம்! தடவித் தடவி அந்த இடங்கள் மட்டும் பளபளவென்று மின்னுகின்றன. நமது ஊர்ப் பிள்ளையாருக்காவது எண்ணெய் பூசினால்தான் மினுக்கும்.

இதைச் செய்கின்றவர்கள் கடவுளை விட்டவர்கள்தானே என்று பாதிரிமார்கள் சொல்லலாம். அவர்கள் ஞாபகத்திற்கு ஒன்று சொல்லுகின்றோம். 2008-ம் வருஷம் செப்டம்பரில் லேமன் பாங்கி கவிழ்ந்து உலகமெல்லாம் வேலை போய், வீடு ஏலம் போய்த் தவித்தபோது, அக்டோபர் 29-ந் தேதி கிறிஸ்தவ ஜெபக் கூட்டத்தார் பொருளாதாரம் நிமிர வேண்டுமென்று ஜெபிக்க நியூயார்க்கில் கூடினார்கள். கூடி, அந்தக் காளையைச் சுற்றி நின்று, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே ஜெபம் செய்தார்கள். அதன் படங்கள் உலகமெங்கும் வெளியாயின. ஆரோன் செய்த பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட குற்றத்திற்காக மோசே சுமார் 3,000 பேரை வெட்டச் செய்தார் என்பது அவர்கள் வேதத்திலேயே இருக்கிற கதை. அந்த வேதத்தைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள்தான், கன்றுக்குட்டி வளர்ந்து காளையானவுடன் கையை வைத்து ஜெபித்தார்கள். இதில் எது பணப் பூஜை, எது கடவுள் பூஜை என்று பிரித்துக் காட்ட யாரால் ஆகும்?

சர்க்கார் செய்த பிரதிஷ்டை

இனி சர்க்கார் செய்த காரியத்தைப் பார்ப்போம். 1787-ல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டம், கடவுள் பெயரால் ஒருவனுக்கும் ஒரு அதிகாரமும் கொடுக்கவில்லை. சர்க்கார் பதவிக்கு மதப் பரீட்சை வைக்கக்கூடாது என்று அதில் எழுதினார்கள். 1791-ல் முதலாவது திருத்தமாக, சர்க்கார் மதம் என்று ஒன்றை ஏற்படுத்தக்கூடாது என்றும் எழுதினார்கள். உலகத்துக்கே வழிகாட்டியான காரியம் அது. அப்படியிருக்க, நாணயத்தில் கடவுள் எப்படி ஏறினார்? உள்நாட்டு யுத்தத்தின்போது, 1861-ல், பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பாதிரி கஜானா மந்திரிக்குக் கடிதம் எழுதினார். 1864-ல் இரண்டு சென்ட் காசில், கடவுளை நம்புகின்றோம் என்ற வாசகம் ஏறிற்று. 1907-ல் தியோடர் ரூஸ்வெல்ட், தாம் பக்தராக இருந்தும், காசில் கடவுள் பெயரைப் பொறிப்பது கடவுளுக்கே அவமரியாதை என்று புதுத் தங்கக் காசில் அதை விட்டுவிட்டார். பக்தர்கள் கூச்சல் போட்டு 1908-ல் காங்கிரஸ் சபையைக்கொண்டு மறுபடி ஏற்றினார்கள். பிறகு, கடவுளில்லை என்கிற ருஷ்யாவுக்கு எதிரிடையாகத் தாங்கள் கடவுளுள்ளவர்கள் என்று காட்டிக்கொள்ள, 1954-ல் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்குச் சொல்லும் சத்தியத்தில் கடவுளைச் சேர்த்தார்கள். 1892-ல் அந்தச் சத்தியத்தை எழுதினவர் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாதிரி; அவரே கடவுளைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1955-ல் எல்லாக் காசிலும் நோட்டிலும் கடவுள் வாசகம் அச்சிடச் சட்டம் செய்தார்கள். 1956-ல் அதுவே தேசத்தின் வாசகமாயிற்று. 1957 முதல் காகித டாலரிலும் கடவுள் குடியேறினார்.

சர்க்கார் மதத்தை ஏற்படுத்தக்கூடாது என்ற சட்டத்தைக் காட்டிச் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1970-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்த வாசகம் தேச பக்தியையும் சடங்கையும் சேர்ந்ததே தவிர மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதாவது, நோட்டிலுள்ள கடவுளுக்கு அர்த்தமில்லை, ஆகவே அவர் இருக்கலாம் என்றார்கள்! ஒரு நாஸ்திகன் இதைச் சொல்லியிருந்தால் கல்லெடுத்து அடித்திருப்பார்கள். கோர்ட்டு சொன்னதும் பக்தர்கள் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கடவுளா, நோட்டா என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்த வழியில் தேசம் இன்னும் முன்னேறிற்று. 2021-ம் வருஷம் பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் ஒரு கட்சி மகாநாட்டில் டொனால்டு டிரம்புக்குத் தங்க வர்ணத்தில் ஆளுயரச் சிலை செய்து வைத்து, ஜனங்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். 2024-ல் அவரே பைபிளையும், அமெரிக்க அரசியல் சட்டத்தையும், கொடிச் சத்தியத்தையும் ஒன்றாய்க் கட்டிய ஒரு புத்தகத்தை 59 டாலர் 99 சென்டுக்கு விற்கச் சிபாரிசு செய்தார். அந்தப் புத்தகங்களில் பல்லாயிரம் பிரதிகள் சைனாவில் அச்சடிக்கப்பட்டவை என்பது அதே வருஷம் வெளியாயிற்று. மதத்தையும் சர்க்காரையும் பிரித்து வைத்த சட்டத்தை மத நூலோடு சேர்த்துத் தைத்து, கடவுளில்லை என்கிற கட்சி ஆளும் நாட்டில் அச்சடித்து, கடவுள் பக்தர்களுக்கு விற்றால், அதை வாங்கி முத்தமிட ஆளிருக்கின்றது!

பண்டிகை என்னும் சந்தை

பண்டிகை சமாச்சாரமும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் பண்டிகை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் மாசசூசெட்ஸில் பியூரிட்டன் கிறிஸ்தவர்களே சட்டம் செய்திருந்தார்கள். 1681 வரையில் அது அமுலில் இருந்தது. இன்றோ அந்தப் பண்டிகைதான் அமெரிக்க வியாபாரத்தின் அறுவடைக் காலம். கடவுளுக்கு நன்றி சொல்லும் திருநாள் ஒன்று நவம்பர் மாதக் கடைசியில் வருகின்றது. அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் வியாபார நாள் போதவில்லை என்று கடைக்காரர்கள் முறையிட்டதன்பேரில், 1939-ல் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளையே ஒரு வாரம் முன்னால் தள்ளி வைத்தார். கடவுளும் சம்மதித்தார் போலும்.

இது சிரிப்புக்குரிய விஷயமானால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நன்றித் திருநாளின் மறுநாள், 2008-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி விடியற்காலம் 5 மணிக்கு, நியூயார்க்குக்கு அடுத்த லாங் ஐலண்டில் ஒரு பெரிய கடையின் கதவைத் திறக்கும்போது, மலிவுச் சாமான் வாங்கக் காத்திருந்த சுமார் 2,000 பேர் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்ந்தார்கள். கதவண்டை நின்ற 34 வயதுள்ள கூலியாள் ஒருவர் காலடியில் மிதிபட்டுச் செத்தார். முதல் நாள் கடவுளுக்கு நன்றி. மறு நாள் பணச் சாமிக்கு நரபலி. பலியானவர் யார்? முதலாளியல்ல, பாதிரியல்ல. கூலிக்கு நின்றவர். எந்த நாட்டில் எந்தச் சாமியானாலும் பலி கேட்கும்போது ஏழையைத்தான் கேட்கின்றது.

விதை வியாபாரம்

இதுவரை சொன்னது சர்ச்சுக்கு வெளியே. இனி உள்ளே போவோம். கடவுளுக்கு, அதாவது பாதிரிக்கு, ஒரு டாலர் “விதை” போட்டால் கடவுள் நூறு டாலராய்த் திருப்பித் தருவார் என்கிற உபதேசம் அமெரிக்காவில் பல வருஷங்களாக ரேடியோவிலும் டெலிவிஷனிலும் நடந்து வருகின்றது. இந்த விதைப் பிரசாரத்தில் பேர் போனவர் டல்சா நகரத்து ஓரல் ராபர்ட்ஸ். கை வைத்தால் வியாதி தீரும் என்று சொல்லிப் பேரெடுத்த இவர், 900 அடி உயர ஏசு தம் கண் முன் வந்து நின்றதாக 1980-ல் சொல்லி, பணம் வசூலித்து, 60 மாடிக் கட்டடத்தோடு ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். 1981-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரி கடன் தாங்காமல் 1989-ல் மூடப்பட்டது. இடையில் 1987-ல், மார்ச் மாதக் கடைசிக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தம்மை அழைத்துக்கொள்வார் என்று டெலிவிஷனில் அறிவித்தார். ஜனங்கள் அனுப்பினார்கள். கடைசியில் குறைந்த 13 லட்சம் டாலரைக் கொடுத்து உயிர்ப்பிச்சை அளித்தவர் யார் தெரியுமா? நாய்ப் பந்தய மைதானச் சொந்தக்காரர் ஒருவர்! ஆண்டவன் கேட்ட பணயத் தொகையை நாய்கள் ஓடிச் சம்பாதித்துக் கொடுத்தன. ராபர்ட்ஸ் அதற்குப் பிறகு 22 வருஷமிருந்து, 2009-ல், 91-வது வயதில் காலமானார். விதை போட்ட ஏழைகளில் எத்தனை பேருக்கு அந்த வயது கிட்டிற்று?

ஜிம் பேக்கர் என்ற மற்றொரு டெலிவிஷன் பாதிரி, 1,000 டாலர் கொடுத்தால் ஆயுள் முழுவதும் வருஷத்துக்கு மூன்று இரவு தமது புண்ணிய விடுதியில் தங்கலாம் என்று, இருக்கிற அறைகளுக்கு மிஞ்சி ஆள் சேர்த்தார். 1989-ல் மோசடிக்காக 45 வருஷம் தண்டனை கிடைத்தது. பிறகு அது குறைக்கப்பட்டு 1994-ல் வெளியே வந்தார். வந்தவர் மறுபடியும் டெலிவிஷனில் ஏறினார். 2020-ல் கொரோனா வியாதிக்கு வெள்ளிக் கரைசல் விற்றதாக மிசௌரி மாகாண சர்க்கார் வழக்குத் தொடுக்க, 2021-ல் வாங்கினவர்களுக்குச் சுமார் 1,56,000 டாலர் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். ஒருமுறை ஏமாற்றி ஜெயிலுக்குப் போனவனிடத்தில் எந்தக் கடையிலும் ஜனங்கள் மறுபடி சாமான் வாங்கமாட்டார்கள். மதக் கடை ஒன்றில்தான் அது நடக்கும்.

2015-ல் ஜார்ஜியா மாகாணப் பாதிரி கிரெஃப்லோ டாலர் (பெயரே டாலர், நாம் வைத்ததல்ல) 2 லட்சம் பேர் தலைக்கு 300 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் 6½ கோடி டாலர் ஆகாய விமானம் ஒன்று வாங்கலாம் என்று கேட்டார். 2018-ல் ஜெஸ்ஸி டுப்ளாண்டிஸ் என்ற பாதிரி 5 கோடியே 40 லட்சம் டாலர் விமானத்திற்குக் கேட்டார். இது அவருக்கு நாலாவது விமானம். ஏசு இன்று இருந்தால் கழுதைமேல் போகமாட்டார் என்பது அவர் வியாக்கியானம். டாலர் பாதிரியோ 2022-ல், பத்தில் ஒரு பங்கு காணிக்கை தரவேண்டும் என்று தாம் அதுவரை போதித்தது தவறு என்றும், அதைப்பற்றித் தாம் எழுதிய புத்தகங்களை எறிந்துவிடலாம் என்றும் பிரசங்கம் செய்தார். புத்தகத்தை எறிந்துவிடலாம், பத்தில் ஒரு பங்காகக் கட்டிய கூலிப் பணத்தை எந்தக் குப்பையில் போய்த் தேடுவது?

ஹூஸ்டன் நகரத்து லேக்வுட் சர்ச் இருப்பது பந்து விளையாட்டு மைதானமாயிருந்த கட்டடத்தில். 2005-ல் சுமார் 10 கோடி டாலர் செலவில் மாற்றி அமைத்தார்கள். 16,000 பேர் உட்காரலாம். மேடைக்குப் பின்னால் சிலுவையில்லை. பூகோள உருண்டை ஒன்று சுழலுகின்றது. சிலுவையைப் பார்த்தால் கஷ்டம் ஞாபகம் வந்துவிடும் போலிருக்கின்றது. 2014-ல் அங்கே ஒரு சனி ஞாயிறு வசூலில் மட்டும் ரொக்கமும் செக்குமாக 6 லட்சம் டாலர் திருட்டுப் போயிற்று. 2021-ல் கக்கூஸ் பழுது பார்க்க வந்த குழாய் வேலைக்காரர் சுவரைப் பிரித்தபோது, பணமும் செக்குகளும் வைத்த உறைகள் உள்ளேயிருந்து கொட்டின. அவை அந்தத் திருட்டோடு சம்பந்தப்பட்டவை என்று தெரிய வந்தது. ஏழு வருஷமாக 16,000 பேர் வாரந்தோறும் கையைத் தூக்கி ஜெபித்த இடத்தில், பணம் எங்கே என்று ஆண்டவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. சுத்தியல்தான் சொல்லிற்று.

இவர்களுக்கெல்லாம் சர்க்காரின் ஆசீர்வாதமும் உண்டு. அமெரிக்காவில் தர்ம ஸ்தாபனங்கள் வருஷா வருஷம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். சர்ச்சுகள் மாத்திரம் ஒப்புவிக்க வேண்டியதில்லை. பாதிரிமார்கள் வீட்டுச் செலவுக்கென்று வாங்கும் படிக்கு வருமான வரியில்லை. 2007-ல் ஒரு செனட் சபை அங்கத்தினர் ஆறு டெலிவிஷன் பாதிரிமார்களின் கணக்கைக் கேட்டார். நான்கு பேர் முழுக் கணக்கும் கொடுக்கவில்லை. 2011-ல் ஒருவருக்கும் ஒரு தண்டனையுமின்றி விசாரணை முடிந்தது. கணக்குக் கேட்கக்கூடாத பொருள்தான் விக்கிரகம் என்று முன்னே சொன்னோம். அதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

“அவர்கள் உண்மைக் கிறிஸ்தவர்களல்ல”

இதைக் கேட்டதும் நல்ல கிறிஸ்தவத் தோழர்கள், “அவர்கள் உண்மைக் கிறிஸ்தவர்களல்ல, வேதத்தைப் புரட்டுகின்றவர்கள். ஊசிக் காதில் ஒட்டகம் நுழைந்தாலும் நுழையும், பணக்காரன் மோட்சம் போவது கஷ்டம் என்றல்லவா ஏசு சொன்னார்?” என்பார்கள். அப்படிச் சொல்லும் யோக்கியமான பாதிரிமார்கள் அமெரிக்காவில் அநேகர் உண்டு. கெல்லரும் அப்படிக் கண்டித்தவர்தான். அவர்கள் நாணயத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கின்றோம். உண்மைப் பாதிரி இன்னார், பொய்ப் பாதிரி இன்னார் என்று ஒரு பாமர பக்தன் எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது?

புத்தியால் நிறுத்துப் பார் என்றால், அதே புத்தியால் கன்னி கருவுற்றதையும் செத்தவர் எழுந்ததையும் நிறுத்துப் பார்ப்பான். அதற்கு நீங்கள் சம்மதிக்கமாட்டீர்கள். விசுவாசத்தால் பார் என்றால், 900 அடி ஏசுவைப் பார்த்தேன் என்பவரிடமும் விசுவாசம் இருக்கின்றது. வேதத்தைப் பார் என்றால், விமானப் பாதிரியும் அதே வேதத்தைத்தான் விரிக்கின்றார். ஊசிக் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசலின் பெயர், ஒட்டகம் குனிந்தால் நுழையலாம் என்று ஆதாரமில்லாத ஒரு வியாக்கியானத்தையும் வெகு காலமாகக் கையில் வைத்திருக்கின்றார்கள். ஆகவே சங்கதி இப்படி முடிகின்றது: கண்ணை மூடிக்கொள் என்று போதிப்பவர் யோக்கியர், மூடினவன் மடியில் கை விடுகின்றவர் அயோக்கியர். முதலாமவர் இல்லாமல் இரண்டாமவருக்குப் பிழைப்பேது? இதைத்தான் யோக்கியமான பாதிரிமார்கள் இன்னும் யோசிக்க மறுக்கின்றார்கள். பணமென்னும் விக்கிரகத்தை உடைக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டே, மண்டியிடும் பழக்கத்தை மாத்திரம் பத்திரப்படுத்தி வைக்கப் பார்க்கின்றார்கள். முழங்கால் மடங்கியே இருக்குமானால் எதிரில் வந்து நிற்பவர் யாராயிருந்தாலும் அவர் சாமிதான்.

ஏன் கொடுக்கின்றார்கள்?

இனி, கொடுக்கின்றவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. உலகத்திலேயே செல்வம் மிகுந்த அந்த நாட்டில், 2023-ம் வருஷக் கணக்குப்படி, சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்கு வைத்தியச் செலவுக்கு எந்த இன்ஷியூரன்ஸும் இல்லை. ஒரு ஆபரேஷன் வந்தால் வீடு போய்விடும். வேலை போனால் மருந்து போய்விடும். இப்படிப்பட்ட நிலையிலிருக்கும் ஒரு விதவை, நடுநிசியில் டெலிவிஷனைத் திருப்பினால், சிரித்த முகத்தோடு ஒருவர், “விதை போடு, வியாதி தீரும், கடன் தீரும்” என்கின்றார். சர்க்கார் கைவிட்டது, முதலாளி கைவிட்டான், ஆஸ்பத்திரி பில் நீட்டுகின்றது. அவள் என்ன செய்வாள்? மருந்துக்கு வைத்திருந்த 50 டாலரைக் கவருக்குள் வைத்து அனுப்புகின்றாள். அவள் பணத்தைக் கும்பிடவில்லை, பயத்தால் கும்பிடுகின்றாள். பாதிரிமார்கள் சொல்லுகிறபடி செல்வம் மிகுந்ததால் வந்த விக்கிரக ஆராதனையல்ல இது. செல்வம் ஒரு பக்கம் குவிந்து, மறு பக்கம் பயம் குவிந்ததால் வந்தது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கின்றது. சுவீடனும் செல்வ நாடுதான். அங்கே வைத்தியத்துக்கும், பிள்ளை படிப்புக்கும், வேலையில்லாக் காலத்துக்கும், கிழத்தனத்துக்கும் பொதுப் பணத்திலிருந்து வழி செய்திருக்கின்றார்கள். 2000-ம் வருஷத்தில் சர்க்காரையும் சர்ச்சையும் பிரித்தார்கள். அப்போது 100-க்கு 80 பேருக்கு மேல் சர்ச்சில் பெயர் வைத்திருந்தார்கள். 2023-ல் பாதிக்குச் சற்று மேல்தான். பெயர் வைத்திருப்பவர்களிலும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகின்றவர்கள் சொற்பம். அதனால் அந்த நாடு அழிந்து போயிற்றா? ஜனங்கள் ஒருவரையொருவர் கடித்துத் தின்கின்றார்களா? ஆகாயத்திலிருந்து அக்கினி விழுந்ததா? ஒன்றுமில்லை. வியாதி வந்தால் டாக்டரிடம் போகின்றார்கள். விதை போடுகின்றவர்கள் நிலத்தில் போடுகின்றார்கள்.

நமக்கு என்ன?

அமெரிக்கச் சங்கதி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த விதை வியாபாரம் டெலிவிஷன் வழியாகவும் கை டெலிபோன் வழியாகவும் இங்கும் வந்து, தமிழிலேயே பேசி, தமிழிலேயே வசூலிக்கின்றது என்பது ஒன்று. இதைப் படித்துவிட்டு நமது வைதீகர்கள், “பார்த்தீர்களா கிறிஸ்தவன் யோக்கியதையை!” என்று துள்ளப் பார்ப்பார்கள் என்பது மற்றொன்று. அவர்களுக்குச் சொல்லுகின்றோம்: துள்ள வேண்டாம். அமெரிக்கப் பாதிரி விதை என்கின்றார். நீங்கள் உண்டியல் என்கின்றீர்கள். அவர் விமானம் கேட்கின்றார். உங்கள் சாமி தங்கத் தேரும் வைரக் கிரீடமும் கேட்கின்றது. அவர் கணக்குக் காட்டமாட்டேன் என்கின்றார். உங்கள் சாமியார்கள் கணக்குக் கேட்பதே பாபம் என்கின்றார்கள். பெயர்ப் பலகைதான் வேறே தவிர, கடை ஒன்றே.

ஆகவே தோழர்களே, யாராவது ஒருவர் வந்து, நீங்கள் பணத்தைக் கும்பிடுகின்றீர்கள், அதை விட்டுவிட்டு எங்கள் கடவுளைக் கும்பிடுங்கள் என்று சொன்னால், அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று விஷயம் மாத்திரம் கேளுங்கள். உங்கள் கடவுளுக்குப் போகும் பணத்தின் கணக்கு எங்கே? அவர் சொன்னதாக நீங்கள் சொல்லுவதற்கு ருஜு எங்கே? இரண்டையும் காட்டும் வரையில் நாங்கள் நிமிர்ந்து நிற்க அனுமதி உண்டா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லுகின்றவரோடு நாம் எந்த விஷயத்தைப் பற்றியும் பேசத் தயார். பதில் சொல்லாமல் பல்லைக் கடிக்கின்றவர் எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும், எந்த உடை உடுத்தியிருந்தாலும், அவர் பக்கத்தில் ஒரு விக்கிரகம் நிற்கின்றது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த விதவையின் 50 டாலரும், நமது ஊர்க் கூலிக்காரியின் 50 ரூபாயும் மருந்துக்கும் அரிசிக்கும் போய்ச் சேருவதற்கு, கேட்கிற வாய்தான் முதலில் வேண்டும். கும்பிடுகிற கை பிறகு தானாகவே வேறு வேலைக்கு வந்துவிடும்.